ஒளி பட்டால் ஹைட்ரஜன் கூடுமா? மின்னாற்பகுப்பின் வோல்ட் கணக்கு

‘நீரை மின்னாற்பகுக்கும்போது, அதாவது மின்சாரத்தால் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும்போது, ஒளியைப் பாய்ச்சினால் கூடுதல் ஹைட்ரஜன் கிடைக்கும்’ என்று அவ்வப்போது செய்தி வருகிறது. அதைப் படித்தவர்கள் கண்ணாடிக் குடுவையில் இரண்டு எஃகுத் தகடுகளைப் போட்டு, பக்கத்தில் ஒரு எல்.ஈ.டி. விளக்கை ஏற்றிப் பார்த்து, ‘ஒன்றும் மாறவில்லையே’ என்று கேட்கிறார்கள். செய்தியும் பொய்யில்லை, குடுவையும் பொய் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்குள் முற்றிலும் வேறான மூன்று நிகழ்வுகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க ஒரு சிறிய கணக்கு போதும்.

முதலில் கணக்கு

மின்னாற்பகுப்பில் எவ்வளவு ஹைட்ரஜன் வரும் என்பதை மின்னோட்டம் மட்டுமே தீர்மானிக்கிறது. இது ஃபாரடேயின் விதி. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 26,600 ஆம்பியர்-மணி மின்னூட்டம் கலத்தின் (இரண்டு மின்வாய்களும் கரைசலும் சேர்ந்த அமைப்பின்) வழியே போயாக வேண்டும். எந்த மின்வாயாக இருந்தாலும், எந்த வினையூக்கியாக இருந்தாலும், ஒளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த எண் மாறாது. ஆகவே ‘அதே மின்னோட்டத்தில் ஒளியால் இரண்டு மடங்கு ஹைட்ரஜன்’ என்று யாராவது சொன்னால், அளவீட்டில் பிழை இருக்கிறது என்றே பொருள்.

மாறக்கூடியது மின்னழுத்தம். 26,600 ஆம்பியர்-மணியைக் கலத்தின் வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், ஒரு கிலோவுக்குச் செலவாகும் மின்சாரம் யூனிட்டில், அதாவது கிலோவாட்-மணியில் கிடைக்கும்.

1. 1.23 வோல்ட்: 25 டிகிரி செல்சியஸில் நீரைப் பிரிக்க வெப்ப இயக்கவியல் கேட்கும் மிகக் குறைந்த மின்னழுத்தம். கிலோவுக்கு 32.7 யூனிட்.
2. 1.48 வோல்ட்: வெளியிலிருந்து வெப்பமும் வாங்காமல், வெளியே வெப்பமும் விடாமல் கலம் இயங்கும் புள்ளி. கிலோவுக்கு 39.4 யூனிட்.
3. 1.8 முதல் 2.0 வோல்ட்: தொழிற்சாலைக் கலங்கள் உண்மையில் இயங்கும் இடம். கிலோவுக்கு 48 முதல் 53 யூனிட்.

இந்த மூன்றாவது வரிக்கும் முதல் வரிக்கும் இடையே உள்ள வித்தியாசத்துக்கு மிகை மின்னழுத்தம் என்று பெயர். அதில் ஒரு பகுதி கரைசல், இரு வாயுக்களையும் பிரித்து வைக்கும் சவ்வு, இணைப்புகள் ஆகியவற்றின் மின்தடையில் போகிறது. எஞ்சியதில் பெரும்பங்கை ஆக்சிஜன் உருவாகும் நேர்மின்வாய் விழுங்குகிறது. ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு பிறக்க நான்கு எலக்ட்ரான்கள் அடுத்தடுத்து வெளியேற வேண்டும், இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் பிணைய வேண்டும். ஹைட்ரஜன் பக்கத்தில் இரண்டே எலக்ட்ரான்களில் வேலை முடிந்துவிடுகிறது. ஒளியைப் பற்றிய ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை நேர்மின்வாயையே சுற்றி வருவதற்குக் காரணம் இதுதான்.

இனி நினைவில் வைக்க வேண்டிய எண் ஒன்றே: கலத்தின் மின்னழுத்தத்தில் 0.1 வோல்ட் குறைந்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 2.7 யூனிட் மிச்சம். ஒளியைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும், ‘எந்த மின்னோட்ட அடர்த்தியில் (மின்வாயின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை ஆம்பியரில்), எத்தனை வோல்ட் குறைந்தது?’ என்று கேட்டால் செய்தியின் உண்மையான எடை தெரிந்துவிடும்.

வெறும் உலோகத் தகட்டில் ஏன் எதுவும் நடப்பதில்லை

நீர் கண்ணுக்குப் புலப்படும் ஒளியை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. நீர் மூலக்கூறை ஒளி நேரடியாக உடைக்க வேண்டுமென்றால் 190 நானோமீட்டருக்கும் கீழான தொலைப் புறஊதா தேவை. தரையை அடையும் சூரிய ஒளியில் அது கிடையாது. நிக்கலிலோ எஃகிலோ விழும் ஒளி எலக்ட்ரான்களைக் கிளப்பத்தான் செய்கிறது. ஆனால் உலோகத்துக்குள் அவை ஒரு பிக்கோ நொடி அளவிலேயே ஆற்றலை இழந்து வெப்பமாகிவிடும். நீரிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் வினைக்கு மில்லி நொடி முதல் நொடி வரை ஆகிறது. அவ்வளவு நேரம் ஆற்றலைப் பிடித்து வைத்திருக்க உலோகத்தால் முடியாது. அதற்குத்தான் குறைகடத்தி வேண்டும்.

வழி ஒன்று: ஒளியே வோல்ட் தருகிறது

குறைகடத்தியில் எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய இரண்டு ஆற்றல் பட்டைகளுக்கு நடுவே காலியான ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைவிட அதிக ஆற்றல் கொண்ட ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், வந்து விழுந்தால் ஒரு எலக்ட்ரான் மேல்பட்டைக்குத் தாவும். கீழே ஒரு ‘துளை’ மிஞ்சும். குறைகடத்தி கரைசலைத் தொடும் எல்லையில் தானாக அமையும் மின்புலம் இவ்விரண்டையும் எதிரெதிர்த் திசைகளில் இழுக்கிறது. துளை நீரிடம் போய் எலக்ட்ரானைப் பறித்து ஆக்சிஜனை உண்டாக்குகிறது. எலக்ட்ரான் கம்பி வழியாக எதிர்மின்வாய்க்குப் போய் ஹைட்ரஜனை உண்டாக்குகிறது. வெளி மின்மூலம் தர வேண்டிய வோல்ட்டில் ஒரு பங்கை ஒளி தந்துவிடுகிறது. இப்படிப்பட்ட கலம் 1.23 வோல்ட்டுக்கும் குறைந்த வெளி மின்னழுத்தத்தில் இயங்குவதில் இயற்பியல் மீறல் எதுவும் இல்லை; மீதியைச் செலுத்துவது ஒளி.

ஜப்பானைச் சேர்ந்த ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் டைட்டானியம் டை-ஆக்சைடு மின்வாயில் புறஊதாவைப் பாய்ச்சி இதைக் காட்டினார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் இது ஏன் தொழிற்சாலைக்கு வரவில்லை என்ற கேள்விக்கு விடை பொருள்களின் குணத்தில் இருக்கிறது.

முதல் தடை இடைவெளியின் அளவு. ஒரு பொருள் எந்த அலைநீளம் வரை ஒளியை உறிஞ்சும் என்பதை அறிய, 1240ஐ அதன் இடைவெளியால் (எலக்ட்ரான் வோல்ட்டில்) வகுக்க வேண்டும். விடை நானோமீட்டரில் வரும். அனடேஸ் வகை டைட்டானியம் டை-ஆக்சைடுக்கு 3.2, ஆகவே 388 நானோமீட்டர். அதாவது புறஊதா மட்டும். சூரிய ஒளியின் ஆற்றலில் அது சுமார் 4 முதல் 5 சதவீதம். டங்ஸ்டன் ஆக்சைடு 460 வரையும், பிஸ்மத் வனடேட் 517 வரையும், துருவின் நெருங்கிய உறவான ஹெமடைட் 590 வரையும் எட்டும். முழு நண்பகல் வெயிலில், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட் ஒளியில், இந்தக் கடைசி மூன்றும் கோட்பாட்டளவில் தரக்கூடிய உச்ச மின்னோட்டம் முறையே சுமார் 4, 7.5, 12.6 மில்லிஆம்பியர். இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போனால் மின்னோட்டம் கூடும். ஆனால் கிடைக்கும் வோல்ட் குறையும். சிலிக்கான் ஏராளமான ஒளியை உறிஞ்சும்; ஒரு சந்தி (மின்புலம் அமையும் ஒரு எல்லை) தருவதோ 0.6 முதல் 0.7 வோல்ட்தான். அதனால்தான் வேறுவேறு இடைவெளி கொண்ட இரண்டு பொருள்களை அடுக்கி, மேலடுக்கு நீலப் பக்கத்தையும் கீழடுக்கு சிவப்புப் பக்கத்தையும் எடுக்கும்படி அமைக்கிறார்கள்.

இரண்டாவது தடை, துளை போய்ச் சேரும் தூரம். ஹெமடைட் மலிவு, நச்சில்லை, காரக் கரைசலில் நிலைத்து நிற்கும். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் அதற்குள் ஒரு துளை 2 முதல் 4 நானோமீட்டர் நகர்வதற்குள் எலக்ட்ரானோடு மீண்டும் சேர்ந்து மறைந்துவிடும். ஒளியோ நூறு நானோமீட்டருக்கு மேல் உள்ளே போய்த்தான் உறிஞ்சப்படுகிறது. பிறக்கும் துளைகளில் பெரும்பாலானவை நீரைப் பார்க்காமலே மடிகின்றன. நானோ கம்பிகள், நுண்துளை அடுக்குகள் என்று ஆய்வாளர்கள் செய்வதெல்லாம் ஒளிக்கு நீண்ட பாதையும் துளைக்குக் குறுகிய பாதையும் ஒரே பொருளில் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

மூன்றாவது தடைதான் மிகக் கடினமானது: பொருள் தன்னைத்தானே தின்றுகொள்வது. நீரை ஆக்சிஜனேற்றம் செய்ய வேண்டிய துளை, வினை மெதுவாக நடப்பதால் மேற்பரப்பில் காத்திருக்கும்போது, குறைகடத்தியையே ஆக்சிஜனேற்றிவிடுகிறது. காட்மியம் சல்ஃபைடு இப்படிக் கரையும். சிலிக்கான் மேல் மின்கடத்தாத ஆக்சைடுத் தோல் படரும். குப்ரஸ் ஆக்சைடு எதிர்மின்வாயாக வைத்தால் வெறும் செம்பாக மாறிவிடும். மருந்து இரண்டு: மேலே சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரை டைட்டானியம் டை-ஆக்சைடு காப்புப் படலம்; அதன் மேல் துளையை உடனே வாங்கிக்கொள்ளும் நிக்கல்-இரும்பு அல்லது கோபால்ட் வினையூக்கி. படலத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்று இருந்தாலும் அரிப்பு அங்கிருந்து பரவும்.

பரப்பளவையும் மறக்கக் கூடாது. சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிஆம்பியர் என்பது நல்ல ஒளிமின்வாய்க்கு, அதாவது ஒளியை உறிஞ்சும் குறைகடத்தி மின்வாய்க்கு, உரிய எண். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் மணிக்கு 3.76 கிராம் ஹைட்ரஜன் தரும்; மணிக்கு ஒரு கிலோ வேண்டுமென்றால் 266 சதுர மீட்டர் மின்வாய். சவ்வு வகைத் தொழிற்சாலைக் கலம் சதுர சென்டிமீட்டருக்கு 2 ஆம்பியரில் இயங்கினால் அதே அளவுக்கு 1.3 சதுர மீட்டர் போதும். வெயில் பரவலாக விழுவது, அதனால் மின்வாயும் பரவலாக இருக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் கரைசல், சன்னல், சவ்வு, வாயுக் குழாய் எல்லாம் வேண்டும் என்பதே செலவை ஏற்றுவது.

விளக்கு வைத்துச் செய்தால்?

இந்தக் கேள்வி மிக அதிகம் வருவதால் எண்ணோடு முடித்துவிடலாம். 450 நானோமீட்டர் நீல எல்.ஈ.டி.யின் ஒரு ஃபோட்டானில் 2.76 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். ஒவ்வொரு ஃபோட்டானும் வீணாகாமல் ஒரு எலக்ட்ரானை நகர்த்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 26.6 × 2.76, அதாவது 73 யூனிட் ஒளி வேண்டும். விளக்கு தான் வாங்கும் மின்சாரத்தில் 60 சதவீதத்தை ஒளியாக்கினாலும் 122 யூனிட் மின்சாரம் செலவு. ஒளியே இல்லாத சாதாரணக் கலம் 53 யூனிட்டில் அதே கிலோவைத் தந்துவிடும். ஆற்றலுக்காக ஒளியைப் பயன்படுத்துவதென்றால் அது இலவசமாக வரும் சூரிய ஒளியாக மட்டுமே இருக்க முடியும். ஆய்வகத்தில் விளக்கு வைப்பது அளப்பதற்காக.

வழி இரண்டு: ஒளி வெப்பமாகிறது

இதில் மர்மம் இல்லை; ஆனால் பயன் நிச்சயம். வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் தேவையான குறைந்தபட்ச மின்னழுத்தம் சுமார் 0.85 மில்லிவோல்ட் குறைகிறது. 80 டிகிரியில் அது 1.18 வோல்ட். இதைவிடப் பெரிய லாபம் வேறிடத்தில் இருக்கிறது: 30 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலின் மின்கடத்துதிறன் 25 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போகும்போது இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது, வினையும் வேகமெடுக்கிறது. சூரியத் தகட்டின் பின்புறம் நீரை ஓடவிட்டு, சூடான அந்நீரைக் கலத்துக்கு அனுப்புவது இரு பக்கமும் லாபம். சிலிக்கான் தகடு ஒரு டிகிரி சூடேற 0.3 முதல் 0.4 சதவீத ஆற்றலை இழப்பதால், அதைக் குளிர வைத்ததுபோலவும் ஆகும்.

வழி மூன்று: ஒளி வினையூக்கியின் போக்கை மாற்றுகிறது

செய்திகளில் அதிகம் குழப்பத்தை உண்டாக்கியது இதுதான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு குழு 2022இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், நிக்கல் ஆக்ஸிஹைட்ராக்சைடு அடிப்படையிலான வினையூக்கி ஒளியில் ஒரு மாதிரியும் இருட்டில் வேறு மாதிரியும் நடந்துகொள்வதைக் காட்டியது. ஆய்வகத்தின் கூரை விளக்குகள் தற்செயலாக அணைந்த இரவில் வினையூக்கியின் செயல்திறன் இறங்கியதே அவர்களை இந்தத் திசையில் திருப்பியது.

வழக்கமாக எலக்ட்ரான் பரிமாற்றம் உலோக அணுவில் நடக்கும் அல்லது வினையூக்கிக்குள் இருக்கும் ஆக்சிஜனில் நடக்கும். ஒரு பொருள் இவற்றில் ஒன்றைத்தான் பின்பற்றும் என்று கருதப்பட்டது. இங்கே நிக்கலைச் சுற்றிய ஆக்சிஜன்களின் வடிவமைப்பு ஒளி பட்டு மாறி மாறித் திரும்பும்போது, பரிமாற்ற மையமும் உலோகத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே மாறுகிறது. ஒரு வழியில் கடினமாக இருக்கும் படியை மற்ற வழியில் கடந்துவிடுவதால் மிகை மின்னழுத்தம் குறைகிறது.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். வினையூக்கி 1.23 வோல்ட்டுக்கு மேலே உள்ள பகுதியைத்தான் குறைக்கும். அடித்தளத்தைத் தொட முடியாது. இதை நடைமுறைக்குக் கொண்டுவரத் தடையாக நிற்பது வேதியியலைவிட வடிவமைப்புதான். தொழிற்சாலைக் கலங்களில் மின்வாய்களும் சவ்வும் உலோகத் தகடுகளுக்கு நடுவே நெருக்கி அழுத்தப்பட்டு, நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கும். உள்ளே முழு இருட்டு. ஒளி புக வழிவிட்டால் மின்வாய்களுக்கிடையே தூரம் கூடும். தூரம் கூடினால் கரைசலின் தடை கூடும். ஒளியால் மிச்சமாகும் மில்லிவோல்ட்டுகளை அந்தத் தடையே தின்றுவிடலாம். இந்தக் கண்டுபிடிப்பின் பெரிய மதிப்பு, இருட்டிலேயே அதே போக்கில் இயங்கும் வினையூக்கியை வடிவமைக்க அது தரும் குறிப்பில் இருக்கிறது என்பதே என் மதிப்பீடு.

போட்டியாளர்: தகடு தனி, கலம் தனி

ஒளியையும் மின்னாற்பகுப்பையும் ஒரே பெட்டிக்குள் அடைக்கும் எந்த முறையும், சூரியத் தகட்டில் மின்சாரம் எடுத்துப் பக்கத்தில் ஒரு கலத்தை ஓட்டும் எளிய முறையை வென்றாக வேண்டும். 20 சதவீதத் தகடும் கிலோவுக்கு 53 யூனிட் எடுக்கும் கலமும் சேர்ந்தால், வெயிலில் 12.3 சதவீதம் ஹைட்ரஜனாகிறது. நாளுக்குச் சதுர மீட்டரில் 5 யூனிட் வெயில் விழும் இடத்தில் தினம் ஒரு கிலோவுக்கு 53 சதுர மீட்டர் தகடு. இரண்டுமே இன்று விலைக்குக் கிடைப்பவை.

எதிர்ப்பக்கம் உள்ள சாதனைகளைப் பார்க்கலாம். 1998இல் அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தில் காலியம் சேர்மங்களால் ஆன ஒருங்கிணைந்த கலம் 12.4 சதவீதத்தை எட்டியது. பொருள் விலை அதிகம், ஆயுள் குறைவு. 2016இல் ஸ்டான்ஃபோர்டில் மூன்று சந்திகள் கொண்ட சூரியக் கலம் ஒன்றுடன் இரண்டு மின்னாற்பகுப்புக் கலங்களைத் தொடராக இணைத்து, 42 மடங்கு குவித்த ஒளியில் 48 மணி நேரம் 30 சதவீதம் பெற்றார்கள். கூர்ந்து பார்த்தால் இதுவும் ‘தகடு தனி, கலம் தனி’ முறைதான். கம்பியே இல்லாத முறையில், ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் தூள் பூசிய 100 சதுர மீட்டர் தகடுகளை ஜப்பானியக் குழு வெட்டவெளியில் இயக்கி 2021இல் அறிவித்தது. உச்சத் திறன் 0.76 சதவீதம். அதில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்தே வெளிவருவதால் சவ்வு வைத்துப் பிரித்தார்கள். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் இருந்தாலும் ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளும் என்பதை நினைத்தால் அந்தப் பிரிப்பு எவ்வளவு பொறுப்பான வேலை என்று புரியும்.

செய்து பார்ப்பவர் எங்கே ஏமாறுகிறார்

டைட்டானியம் டை-ஆக்சைடு ஒளிமின்வாய் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யக்கூடியது. தவறும் இடங்கள் இவை:

1. மின்கடத்தும் பூச்சு கொண்ட கண்ணாடியைச் சோப்பு நீர், அசிட்டோன், எத்தனால் என்ற வரிசையில் தலா 10 நிமிடம் மீயொலித் தொட்டியில் கழுவ வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் படலம் உரியும்.
2. டைட்டானியம் டை-ஆக்சைடு பசையைப் பரப்பிக் காய்ந்தபின் 450 டிகிரியில் 30 நிமிடம். நிமிடத்துக்கு 5 டிகிரி என்ற அளவில் மெல்ல ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விடும், விரிசலில் கரைசல் கண்ணாடியைத் தொட்டு இருட்டு மின்னோட்டம் (ஒளி இல்லாதபோதும் ஓடும் மின்னோட்டம்) கூடும்.
3. செம்புக் கம்பி இணைப்பை எபாக்சியால் முழுவதும் மூட வேண்டும். கரைசலில் படும் செம்பு தானே ஆக்சிஜனேற்றமடைந்து பொய்யான மின்னோட்டம் காட்டும். எபாக்சி போக மிஞ்சிய பரப்பை அளந்தே மின்னோட்ட அடர்த்தி கணக்கிட வேண்டும்.
4. கரைசல்: லிட்டருக்கு 40 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு. தண்ணீரில்தான் காரத்தைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடக் கூடாது. மின்னழுத்தத்தை அளக்க அளவுகோலாக வைக்கும் ஒப்பீட்டு மின்வாய்களில், வெள்ளி-வெள்ளிக் குளோரைடு வகை காரத்தில் நாளடைவில் கெடும். பாதரச-பாதரச ஆக்சைடு மின்வாயே பொருத்தம்.
5. ஒளியை 5 நொடி விட்டு 5 நொடி மறைத்து மின்னோட்டத்தைப் பதிய வேண்டும். திறந்தவுடன் கூரிய முனை எழுந்து உடனே சரிந்தால், துளைகள் மேற்பரப்பில் தேங்கி எலக்ட்ரானோடு சேர்ந்துகொள்கின்றன என்று அர்த்தம். மின்னோட்டம் உடனே எழாமல் நிமிடக் கணக்கில் மெல்ல ஏறினால் அது பெரும்பாலும் ஒளியின் வேலையல்ல, கரைசல் சூடாவது. அதே வெப்பநிலைக்குக் கரைசலைச் சூடாக்கி இருட்டில் ஒருமுறை அளந்தால் சந்தேகம் தீரும்.
6. மெத்தனாலோ சல்ஃபைட்டோ கலந்தால் மின்னோட்டம் சட்டென்று கூடும். துளைகள் அவற்றைத்தான் எரிக்கின்றன. அது நீரைப் பிரிப்பதாகாது.
7. மின்னோட்டத்தை மட்டும் பார்த்து ஹைட்ரஜனைக் கணக்கிடக் கூடாது. வாயுவைப் பிடித்து அளக்க வேண்டும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் 2:1 என்ற விகிதத்தில் வராவிட்டால் கசிவு, அரிப்பு, பக்க வினை ஆகியவற்றில் ஏதோ ஒன்று இருக்கிறது.

திறனைச் சொல்லும்போது இன்னொரு வழுக்கல் உண்டு. வெளியிலிருந்தும் வோல்ட் கொடுத்தால், அதைக் கழித்த பிறகே ஒளியின் பங்கைச் சொல்ல வேண்டும்: 1.23இலிருந்து கொடுத்த வோல்ட்டைக் கழித்து, மின்னோட்ட அடர்த்தியால் பெருக்கி, ஒளியின் அடர்த்தியால் வகுக்க வேண்டும். இதில் கொடுத்த வோல்ட் என்பது இரண்டு மின்வாய்களுக்கும் இடையே அளந்ததாக இருக்க வேண்டும். ஒப்பீட்டு மின்வாயை வைத்து அளந்த எண்ணை இங்கே போட்டால், எதிர்ப்பக்க மின்வாயின் இழப்பு கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும். நேர்மின்வாய்ப் பக்கம் காரமும் எதிர்மின்வாய்ப் பக்கம் அமிலமும் வைத்தால் பிஎச் அளவில் ஒவ்வோர் எண் வித்தியாசத்துக்கும் 0.059 வோல்ட் வேதி உதவி கிடைக்கும். அதையும் ஒளியின் கணக்கில் எழுதக் கூடாது.

மேகமும் இரவும்

வெயிலை நேரடியாக நம்பும் கலத்துக்கு மேகம் ஒரு பாதுகாப்புப் பிரச்சினை. சவ்வின் வழியே ஹைட்ரஜன் சிறிதளவு ஆக்சிஜன் பக்கம் கசிந்துகொண்டே இருக்கும். முழு வெயிலில் ஆக்சிஜன் ஏராளமாக வருவதால் அந்தக் கசிவு நீர்த்துப் போகும். வெளிச்சம் மங்கினால் ஆக்சிஜன் உற்பத்தி குறையும், கசிவு அவ்வளவாகக் குறையாது. விகிதம் ஏறி 4 சதவீத எல்லையை நெருங்கும். ஆகவே ஹைட்ரஜன் உணரி வைத்து, 2 சதவீதம் தொடும்போதே கலத்தை நிறுத்தி நைட்ரஜனால் அலசும் ஏற்பாடு தேவை.

இரவில் வேறு தொல்லை. கரைசலில் கரைந்து நிற்கும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலத்தைச் சிறு மின்கலமாக மாற்றி எதிர்த்திசையில் மின்னோட்டம் ஓட்டுகின்றன. நிக்கல் மின்வாய்கள் ஒவ்வொரு நாளும் ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும் மாறி மாறி அனுபவித்து உதிர்கின்றன. ஒரு டையோடு இந்த எதிர் மின்னோட்டத்தைத் தடுக்கும். கூடவே ஒரு மெல்லிய காப்பு மின்னழுத்தமும் கொடுத்தால் நல்லது. அணையாத விளக்கின் கீழ் நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடியதாகச் சொல்லப்படும் ஒளிமின்வாயின் ஆயுள், பகலும் இரவும் மாறும் கூரையில் எத்தனை நாளாகும் என்பதை அந்தச் சோதனையிலிருந்து ஊகிக்க முடியாது. அணைத்து ஏற்றும் சுழற்சியில் அளந்த எண்ணைத்தான் கேட்க வேண்டும்.